உயிர் காக்கும் கல்வி ஊருக்குப் பொது

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஒரு பணியை இடைவிடாது ஆற்றி வந்துள்ளது. கல்வி எங்கே இருக்கிறதோ, அங்கே நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பதே அப்பணி. விடுதி தேடினோம், உதவித் தொகைக்கு மனு எழுதினோம், நூல்களை இரவல் பெற்றுக் கொடுத்தோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. விலையின்றி நம் வாசல் வரை வந்து நிற்கும் ஒரு கல்வியைப் பற்றியது. அவசர சிகிச்சை மருத்துவத்தில் பணிபுரிவோர்க்கென இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களே அக்கல்வி.

இது மருத்துவர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே, பள்ளி ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நாம் மருத்துவம் சொல்ல வரவில்லை. மருத்துவம் கற்கும் வழி பற்றிச் சொல்லவே வந்துள்ளோம். நம் பிள்ளைகளுள் செவிலியர் உளர். 108 ஊர்தியில் செல்லும் மருத்துவ உதவியாளர் உளர். ஆய்வக நுட்பநர் உளர். மருத்துவக் கல்லூரியில் பயில்வோரும் உளர். ஓர் உயிர் ஊசலாடும் நேரத்தில் அதன் அருகே முதலில் நிற்பவர்கள் இவர்களே. இவர்களுடைய கல்வி நம் அனைவருடைய கவலையும் ஆகும்.

களக்காட்டையே எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை, கீழே பச்சையாறு, ஊரைச் சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். சருகு குவிந்த வாழைக்குள் வெறுங்காலோடு இறங்குபவர் யார்? இருட்டில் வரப்பில் நடந்து தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் யார்? தரையில் பாய் விரித்து உறங்குபவர் யார்? "பூச்சி கடித்துவிட்டது" என்று பெயர் சொல்லாமலே நம் வீடுகளில் பேசப்படும் துன்பம், பெரும்பாலும் உழைக்கும் ஏழை மக்களையே தேடி வருகிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் "புறக்கணிக்கப்பட்ட" நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அச்சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடி ஒவ்வொன்றையும் மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. எண்ணிக்கையில் வராத துன்பம் எண்ணிக்கையில் வரத் தொடங்கியது நன்றே.

இனி, அந்த நேரத்தில் அறிவு எவ்வாறு உயிர் காக்கிறது என்று பார்ப்போம். கடிபட்டவரிடமிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, புதிதான, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பின்பு குழாயை ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் ஓடினால், கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் நஞ்சு உடலில் வேலை செய்கிறது என்று கொள்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. ஆயினும் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் கொண்டு கழுவப்பட்டிருந்தாலோ, நல்ல இரத்தமும் உறையாமல் நின்று பொய் சொல்லிவிடும். இச்சிறு செய்தியை அறிந்த செவிலியரும் அறியாத செவிலியரும் ஒரே சம்பளம் பெறலாம். நோயாளிக்கு அவ்விருவரும் ஒன்றல்லர்.

கட்டுவிரியனின் கடி வேறு வகை. இரவில் உறக்கத்தில் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இராது. விடியலில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு தளரும். வயிற்றுவலிக்கு மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும், நச்சுமுறிவு மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. அந்த அச்சத்தால், முதல் மருந்தைக்கூடத் தராமல் நோயாளியைத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் உண்டு என்று மருத்துவ அறிஞர்களே எழுதியுள்ளனர். இங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஒவ்வாமை தோன்றினால் அட்ரினலின் ஊசியை எப்படிக் கையாள்வது என்று பயின்றவருக்கு அவ்வச்சம் குறையும். மருந்து அலமாரியில் இருந்தும் அறிவு இல்லாததால் உயிர் வழியில் போகலாமா?

இவ்வறிவு முன்பு எங்கே இருந்தது? பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள நூல்களிலும், சந்தா கட்டினால் மட்டுமே திறக்கும் ஆய்விதழ்களிலும், பெருநகர மாநாடுகளிலும் இருந்தது. அவசர சிகிச்சை நம் நாட்டில் தனித்துறையாக இந்திய மருத்துவக் கழகத்தால் ஏற்கப்பட்டதே 2009-இல்தான். தமிழ்நாட்டில் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது 2008-இல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தோன்றியது என்பதை நினைவிற்கொண்டால், இத்துறை எவ்வளவு இளையது என்பது விளங்கும்.

பூட்டிய கதவைத் திறந்தவர்கள் மருத்துவர்களே. ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றும் மைக் கடோகன் என்பவரும் அவருடைய தோழர்களும், தாம் கற்றதை இணையத்தில் எவரும் படிக்குமாறு எழுதி வைத்தனர். 2012-இல் டப்ளின் நகரில் நடந்த உலக மாநாட்டின்போது, "கட்டணமற்ற திறந்த மருத்துவக் கல்வி" எனப் பொருள்படும் பெயர் இம்முயற்சிக்கு ஏற்பட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மருத்துவர் பலர் இதே பணியில் இறங்கினர். இருதயத் துடிப்பின் மின்வரைபடத்தைப் படிக்கும் முறையைப் படங்களோடு விளக்கும் இவர்களுடைய பாடங்களை உலகெங்கும் மாணவர் பயில்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அடிப்படை அவசர சிகிச்சைக்கென ஒரு பயிற்சி நூலை வெளியிட்டது. வசதி குறைந்த இடங்களில் முதலில் நோயாளியைக் காண்பவர்க்காகவே எழுதப்பட்டது அது. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு, உடலின் புறநிலை என்று எந்த வரிசையில் நோயாளியைப் பார்ப்பது என்பதை அது கற்பிக்கிறது. பாம்புக்கடி சிகிச்சைக்கு நடுவண் அரசு வகுத்த நெறிமுறையும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது.

நண்பர்களே! இதைப் பிறர் இடும் பிச்சை என்று எண்ணிவிட வேண்டா. மருத்துவ அறிவு என்பது பலர் சேர்ந்து கட்டிய வீடு. இந்தியாவில் நச்சுமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் பாம்பு நஞ்சின் பெரும்பங்கை வழங்கி வந்தவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர் மக்களே. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்த அறிவு மருந்துக் குப்பிக்குள் இருக்கிறது. கொடுத்தவர் கூட்டத்தில் நம்மைப் போன்ற எளிய மக்களும் உண்டு. ஆகவே பெறுவதில் நாணம் வேண்டா. நாளை நாமும் கொடுப்போம்.

ஆயினும், விலையில்லை என்பதாலேயே ஒரு பொருள் எல்லார் கைக்கும் வந்துவிடுவதில்லை. தடைகள் மூன்று உள்ளன.

முதல் தடை மொழி. இப்பாடங்களில் பெரும்பான்மை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயின்று செவிலியப் படிப்புக்குச் சென்ற நம் பெண்பிள்ளை, முதற்பக்கத்திலேயே மருண்டு மூடிவிடுகிறாள். அது அவளுடைய அறிவுக் குறைவன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது இன்று இயலாதா?

இரண்டாவது தடை ஒழுங்கின்மை. இணையம் ஒரு நூலகமன்று, சந்தை. நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் அருகருகே கிடக்கும். கடிவாயை இறுகக் கட்டு, கீறி இரத்தத்தை உறிஞ்சு என்று சொல்லும் காணொளியும் அதே செல்பேசியில்தான் வருகிறது. இவை தீங்கு செய்பவை என்று மருத்துவம் கூறுகிறது. கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. எனவே எதைப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். எழுதியவர் யார்? எந்த ஆண்டில் எழுதினார்? எந்த ஆய்வைச் சான்று காட்டுகிறார்? நம் நாட்டு நெறிமுறையோடு அது ஒத்துப்போகிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஆஸ்திரேலியாவின் பாம்புகள் வேறு. அங்குள்ள மருந்தும் வேறு. அவர்கள் கட்டுப் போடச் சொல்லும் முறையை வாழைத் தோட்டத்துக் கண்ணாடிவிரியன் கடிக்குப் பயன்படுத்துவது பெருந்தவறாக முடியும்.

மூன்றாவது தடை, கண்ணால் கற்பதையே கல்வி என்று மயங்குவது. நீந்தும் முறையை நூலில் படித்தவன் ஆற்றில் இறங்கியும் பழக வேண்டும். ஊசி போடுவதும் மூச்சுக்குழாய் செலுத்துவதும் மூத்தவர் அருகிருந்து கை திருத்தக் கற்பவை. இணையப் பாடம் பட்டத்துக்கு மாற்றன்று. பணியில் இருப்பவர் தம் அறிவைத் துருப்பிடிக்காமல் தீட்டும் கல் அது.

ஆதலின், வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம்.

ஒன்று: நம் படிப்பகத்தில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் மருத்துவப் பணி பயில்வோர்க்கென ஒதுக்கப்பட வேண்டும். மேற்சொன்ன நூல்களைத் தரவிறக்கி அங்கே வைத்துவிட்டால், தரவுக்குக் காசில்லாத பிள்ளையும் படிக்கலாம்.

இரண்டு: மாதம் ஒரு ஞாயிறு, பணியில் உள்ள செவிலியரும் மருத்துவ உதவியாளரும் மாணவரும் கூடி, ஒரு பாடத்தைச் சேர்ந்து படிக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் வாசிக்கட்டும். அனுபவம் உடையவர் விளக்கட்டும். இளையவர் கேள்வி கேட்கட்டும். இயன்றபோது ஒரு மருத்துவரை அழைப்போம்.

மூன்று: தமிழாக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த நூல், விற்பனை நோக்கமின்றி, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையோடு எவரும் மொழிபெயர்க்கலாம் என்னும் உரிமத்துடன் வெளிவந்துள்ளது. இது நிறுவனத்தின் அதிகார மொழிபெயர்ப்பன்று என்ற குறிப்பும் சேர்க்க வேண்டும். நம் தமிழாசிரியர்களும் மருத்துவ மாணவர்களும் கைகோத்தால், ஓராண்டில் அதன் முக்கிய பகுதிகளையேனும் நல்ல தமிழில் தரலாம். மருத்துவர் சரிபார்க்காத ஒரு வரியும் வெளிவரலாகாது என்பதை மட்டும் விதியாகக் கொள்வோம்.

இதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்தும், இரவுப் பணிக்கு ஆளும், பணியாளர்க்கு முறையான பயிற்சியும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கும்போது, எது தேவை என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவராகக் கேட்போம். அத்தெளிவையும் இக்கல்வியே தரும்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, கல்லூரிக் கட்டடம் எழுப்புவது மட்டும் அவர் நோக்கமன்று. அறிவு ஒரு சாராரின் உடைமை என்ற நிலையை மாற்றுவதே நோக்கம். எழுத்து நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. இன்று மருத்துவத்தின் ஏடு திறந்து கிடக்கிறது. அதைத் திருப்பிப் படிக்கும் கையும், படித்ததைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லும் நாவும் நம்மிடமிருந்தே எழ வேண்டும். இளைஞர்களே, வரும் மாதத்தின் முதல் ஞாயிற்றிலேயே முதற்பாடத்தைத் தொடங்குவோம். பாம்புக்கடியிலிருந்து தொடங்குவோம்.