பற்று வேறு, பூட்டு வேறு

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை தம் கைக்கு எட்டாத ஓரிடத்திற்குப் போய்விடுமோ என்ற அச்சம் புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோரின் மனத்தை ஓயாது அரிப்பதொன்று. மகன் கோடைகாலம் முழுவதும் பேஸ்போல் ஆட்டமே கதியென்று கிடந்தால் தாய் கவலைப்படுகிறாள். மகள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழிபாட்டுக் குழுவிற் சேர்ந்து, ஊர்சுற்றல் இன்றி, மது இன்றி, எந்நேரமும் பிரார்த்தனையில் இருந்தால் அதே தாய் நிம்மதி அடைகிறாள். இவ்விரண்டில் எது அஞ்சத்தக்கது என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

விளையாட்டு இரசிகருக்கும் மூடிய சமயக் குழுவின் உறுப்பினருக்கும் ஒற்றுமைகள் பல உண்டு. இருவருக்கும் சீருடை உண்டு, சேர்ந்து பாடும் பாடல் உண்டு, குறித்த நாளிற் கூடும் இடம் உண்டு, 'நம்மவர்' என்ற உறவு உண்டு. ஆயினும் ஒன்று பற்று, மற்றொன்று பூட்டு. இந்த வேறுபாட்டை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலிற் பற்றைப் பார்ப்போம். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் டொட்ஜர்ஸ் என்ற பேஸ்போல் அணி இருந்தது. உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிகளில் அவ்வணி 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் ஏழு முறை தோற்றது. ஒவ்வொரு தோல்வியின் பின்னரும் அதன் இரசிகர்கள் 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டனர். அது அவர்களின் வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. 1955ஆம் ஆண்டில் அந்த 'அடுத்த ஆண்டு' வந்தது, டொட்ஜர்ஸ் வென்றது. இரண்டே ஆண்டுகளில், 1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு, உரிமையாளர் அணியை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு சென்றார். அதன் ஆடுகளம் 1960இல் இடிக்கப்பட்டது.

அப்போது புரூக்ளின் மக்கள் என்ன செய்தனர்? சிலர் உரிமையாளரை வாய்க்கு வந்தபடி திட்டினர். சிலர் ஆட்டத்தையே வெறுத்தனர். சிலர் தொலைவிலிருந்தும் பழைய அணியையே நேசித்தனர். வேறு சிலர் 1962இல் உருவான மெற்ஸ் என்ற புதிய அணிக்கு மாறினர். எந்த வழியைத் தேர்ந்தாலும் அவருடைய தாய் அவரோடு பேசுவதை நிறுத்தவில்லை. அயலவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அணியை விட்டவர் நரகம் போவார் என்று எவரும் சொல்லவில்லை. ஆழமாக நேசிக்கலாம், ஆத்திரத்தோடு குறை சொல்லலாம், மனம் முறிந்தால் எழுந்து போகலாம். இதுவே பற்றின் இலக்கணம்.

இனிப் பூட்டைப் பார்ப்போம். பேஸ்போலும் மூடிய சமயக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இருந்த உண்மை வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் பென்ரன் ஹாபர் என்ற ஊரில் 1903ஆம் ஆண்டு பெஞ்சமின் பேர்னெல் என்பவரும் அவருடைய மனைவி மேரியும் 'ஹவுஸ் ஒஃப் டேவிட்', அதாவது 'தாவீதின் இல்லம்', என்ற குழுவை நிறுவினர். தாம் இறைவனின் ஏழாவது தூதர் என்று பெஞ்சமின் கூறினார். உறுதியாக நம்புவோரின் உடல் அழியாது என்றும் போதித்தார். சேர்பவர்கள் தம் உடைமை முழுவதையும் குழுவிடம் ஒப்படைத்தல் வேண்டும். இறைச்சி, மது, புகையிலை கூடா. முடியும் தாடியும் வெட்டக் கூடாது. கணவனும் மனைவியும்கூடத் துறவிகள்போல் வாழ்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் மக்கள் கடல் கடந்து வந்து சேர்ந்தனர்.

இக்குழு பழத்தோட்டம் வளர்த்தது. 1908இல் ஒரு கேளிக்கைப் பூங்காவையும் திறந்தது. பின்னர் ஒரு பேஸ்போல் அணியை அமைத்தது. நீண்ட முடியும் தாடியும் கொண்ட இவ்வீரர்கள் 1920களில் ஊர் ஊராகச் சென்று ஆடினர். காணக் கூட்டம் திரண்டது. பந்தை மாயவித்தைபோல் கைமாற்றி அவர்கள் காட்டிய வேடிக்கைக்காகவே பலர் வந்தனர். காலப்போக்கில், குழுவைச் சேராத வீரர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். புகழ்பெற்ற பந்து வீச்சாளர் குரோவர் கிளீவ்லண்ட் அலெக்சாண்டர் 1930களில் இவ்வணியில் இருந்தார். கறுப்பின வீரர்களுக்குப் பெரும் லீக்குகளின் கதவு மூடியிருந்த காலத்தில், 1934இல் டென்வர் நகரப் போட்டியில் சச்சல் பேஜ் என்ற மாபெரும் கறுப்பினப் பந்து வீச்சாளர் இவ்வணிக்காகப் பந்து வீசினார்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒழுக்கமும் உழைப்பும் மகிழ்ச்சியும் நிறைந்த கூட்டமாகவே தோன்றியிருக்கும். உள்ளே நடந்ததை வெளியேறியவர்களே உலகிற்குச் சொன்னார்கள். சிறுமிகளாக இருந்தபோது தலைவரால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகப் பெண்கள் பலர் சாட்சியம் அளித்தனர். கொடுத்த உடைமையைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தோரும் உண்டு. தலைவர் சில ஆண்டுகள் மறைந்திருந்தார். 1926 நவம்பரிற் காவல்துறை அவரைக் குழுவின் குடியிருப்பிலேயே கண்டுபிடித்தது. 1927இல் நடந்த வழக்கின் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. உடல் அழியாது என்று போதித்த அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே இறந்தார். அதன் பின்னரும் குழு கலையவில்லை. 1930இல் இரண்டாகப் பிரிந்து தொடர்ந்தது.

தலைவரின் வாக்கு பொய்த்த பின்னும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்ற வினா எழுவது இயல்பு. அவர்களை அறிவற்றவர்கள் என்று எண்ணுதல் பெரும் பிழை. வீட்டையும் நிலத்தையும் கொடுத்துவிட்டவர் எங்கே திரும்புவார்? உறவும் தொழிலும் உணவும் ஒரே இடத்தில் இருக்கும்போது, நம்பிக்கையை இழப்பவர் அனைத்தையும் இழக்கிறார். மனநல மருத்துவர் ரொபேர்ட் ஜே லிஃப்ரன், சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தத்திற்கு ஆளானோரை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். முழுமையான கட்டுப்பாட்டின் எட்டு அடையாளங்களை அதில் வகுத்துரைத்தார். எதைக் கேட்கலாம், எதை வாசிக்கலாம், யாரோடு பேசலாம் என்பதைக் குழுவே முடிவு செய்தல் அவற்றுள் முதன்மையானது. குழுவிற்கு வெளியே இருப்பவர்களை வாழத் தகுதியற்றவர்களாகக் கருதுதல் இறுதியானது. இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டவர் சிறையின் சுவரைத் தம் மனத்துக்குள்ளேயே சுமக்கிறார்.

இத்தகைய குழு ஒன்றிற் பிறந்து வளரும் ஒரு சிறுவனைக் கற்பனை செய்து பாருங்கள். விளையாட்டு இரசனை 'உலகத்தின் கறை' என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவனோ இரவிலே தலையணைக்கு அடியிற் சிறு வானொலியை வைத்து பேஸ்போல் வர்ணனையைக் கேட்கிறான். அந்த வானொலி அவனுக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. வெளியே இருப்பவர்கள் தீயவர்கள் அல்லர் என்பது ஒன்று. அந்த வர்ணனையாளரின் குரலில் அன்பு இருக்கிறது. நேற்றைய ஆட்டத்தின் ஓட்டங்களை எந்தத் தலைவராலும் மாற்ற இயலாது என்பது மற்றொன்று. ஐந்துக்கு மூன்று என்றால் ஐந்துக்கு மூன்றுதான்.

நாற்பது வயதில் அவன் சபையில் ஒரு கேள்வி கேட்கிறான். குழு அவனை விலக்குகிறது. உடன்பிறந்தவர் தொலைபேசியை எடுப்பதில்லை. பெற்ற தாய் கதவைத் திறப்பதில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறான். ஈற்றில் ஆடுகளத்துக்குப் போய், மலிவான இருக்கை ஒன்றில் அமர்கிறான். பக்கத்தில் இருக்கும் அந்நியர், "எத்தனை ஓட்டம்?" என்று கேட்கிறார். அவனுடைய நம்பிக்கை என்னவென்று அவர் கேட்கவில்லை. அவன் விடை சொல்கிறான். மனிதரோடு பேசும் வாழ்க்கை அங்கே மீண்டும் தொடங்குகிறது.

பேஸ்போல் அவனைக் காப்பாற்றியது என்று சொல்லுதல் மிகையாகும். ஆனால் குழு தீண்டாத ஒரு சிறு அறையை அவன் மனத்தில் அது காத்து வைத்திருந்தது. இசையோ சதுரங்கமோ தமிழ்க் கவிதையோ, பிள்ளைக்குச் சொந்தமான ஒரு விருப்பம் வீண்பொழுது அன்று. வெளியேற வேண்டிய நாளில் அதுவே வாசலாகலாம்.

பேஸ்போல் கற்பிக்கும் இன்னொரு பாடமும் உண்டு. அதன் ஆட்டப் பலகையில் ஓட்டங்கள், அடிகள் என்பவற்றோடு தவறுகளுக்கும் ஒரு நிரல் இருக்கிறது. ஓர் அணி எத்தனை தவறு செய்தது என்பதை ஆயிரக்கணக்கானோர் பார்க்கும்படி எழுதி வைப்பர். 1941இல் சராசரி 0.406 பெற்று வரலாற்றில் இடம்பிடித்த ரெட் வில்லியம்ஸ், பத்து முறைக்கு ஏறத்தாழ ஆறு முறை தோற்றவரே.

'தாவீதின் இல்லம்' இருந்த அதே மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரோயிட் நகரில், 2010 ஜூன் 2ஆம் நாள் நடந்ததை இளையோர் அறிந்திருத்தல் வேண்டும். அர்மாண்டோ கலரகா என்ற பந்து வீச்சாளர், எதிரணித் துடுப்பாளர் 26 பேரையும் தளம் சேரவிடாது ஆட்டமிழக்கச் செய்திருந்தார். 27ஆவது துடுப்பாளரும் ஆட்டமிழந்திருந்தால் அது 'முழுமையான ஆட்டம்' என்ற மிக அரிய சாதனை. ஆனால் நடுவர் ஜிம் ஜோய்ஸ், ஆட்டமிழந்த அவரை ஆட்டமிழக்கவில்லை என்று தவறாகத் தீர்ப்பளித்தார். ஒளிப்பதிவைப் பார்த்த பின் ஜோய்ஸ் தம் தவறை மறைக்கவில்லை. அந்த இளைஞனின் சாதனையைத் தாமே பறித்துவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறுநாள் வீரர் பட்டியலைக் கலரகா நேரே அந்த நடுவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். நடுவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு மாற்றப்படவில்லை; ஆயினும் இருவரும் பெருமையோடு நின்றனர்.

அதிகாரம் உடையவர் "பிழை என்னுடையது" என்று சொல்லக்கூடிய இடமே மனிதர் வாழத்தக்க இடம். அந்தச் சொல்லை ஒருபோதும் கேட்க முடியாத இடத்திலிருந்து விலகி நிற்றல் வேண்டும்.

இதனாற் சமயம் தீங்கானது என்று எவரும் பொருள்கொள்ளற்க. 1965 அக்டோபரில் டொட்ஜர்ஸ் அணியின் தலைசிறந்த பந்து வீச்சாளர் சாண்டி கோஃபக்ஸ், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்த உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆட மறுத்தார். அணி அன்று தோற்றது. பின்னர் ஏழாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாது அவரே வெற்றியைத் தேடித் தந்தார். அவருடைய நம்பிக்கை அவராகத் தேர்ந்தது. அதற்காக அவர் எவரையும் இழக்க நேரவில்லை. மனமுவந்து செய்யும் வழிபாடும் அச்சத்தால் செய்யும் வழிபாடும் ஒன்றல்ல.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு குழுவிற் சேர்ந்தால் சில வினாக்களை எழுப்பிப் பாருங்கள். அங்கே தலைவரைக் கேள்வி கேட்கலாமா? பழைய நண்பர்களைத் தொடர்ந்து சந்திக்கலாமா? கொடுக்கும் பணத்திற்குக் கணக்குக் காட்டப்படுகிறதா? விலகிச் சென்றவர்களைப் பற்றி மதிப்போடு பேசுகிறார்களா? விலகினால் உறவுகள் நிலைக்குமா? 'இல்லை' என்ற விடைகள் கூடினால் அங்கே பூட்டு இருக்கிறது. அப்போதும் ஏளனம் செய்யாதீர்கள். வற்புறுத்தி இழுத்துவராதீர்கள். 1970களில் அமெரிக்காவிற் பெற்றோர் சிலர் ஆள்வைத்துப் பிள்ளைகளைக் கடத்தியேனும் மீட்க முயன்றனர். அது புதிய காயங்களையும் வழக்குகளையுமே தந்தது. உறவை அறுக்காதீர்கள். பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் நேசித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். திரும்பி வந்தால், "அப்போதே சொன்னேனே" என்று சொல்லாது சோறு போடுங்கள்.

இளையோரே, இதே வினாக்களைத் தமிழ்ச் சங்கங்களையும் ஆலயங்களையும் தேவாலயங்களையும் அரசியல் அமைப்புகளையும் நோக்கிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இவ்வினாக்களை இவ்வமைப்பை நோக்கியும் கேளுங்கள். மாற்றுக் கருத்துச் சொன்னவரைத் துரோகி என்று ஒதுக்குவதும், விரும்பியவரை மணந்த பிள்ளைக்குக் கதவை மூடுவதும் அதே பூட்டின் வேறு சாவிகளே. ஒரு சமூகத்தின் மீதுள்ள பற்று, அதன் குறையைச் சொல்லும் பிள்ளைக்கும் பந்தியில் இலை போடும் பற்றாக இருத்தல் வேண்டும்.

புரூக்ளின் இரசிகர்கள் பல ஆண்டுகள் தோற்ற அணியை நேசித்தனர். அவர்களைக் கட்டிப்போட எந்தச் சங்கிலியும் இருக்கவில்லை. அதனாலேயே அந்த நேசம் உண்மையானது. கதவு திறந்திருக்கும் வீட்டிற்கே பிள்ளைகள் மனமுவந்து திரும்பி வருவர்.