சுமை இறங்கிய பிறகு



பெங்களூரின் ஆஸ்டின் டவுன் பேட்டைக்கு எஃப். கிட்டல் நகர் என்று இன்னொரு பெயரும் உண்டு. ஆட்டோவில் ஏறி அதைச் சொன்னால் எத்தனை பேருக்குப் புரியுமோ! ஜெர்மனியிலிருந்து மறைப்பணிக்கு வந்த கிட்டல், கன்னட அகராதியை வெளியிட்ட ஆண்டு 1894. அதே ஆண்டில்தான் ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வந்தது.

திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. கம்பராமாயணம் கேட்டு வளர்ந்தவர். சாயர்புரத்து மிஷன் பள்ளிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையை எடுத்து, ஐந்து பருவங்களாக, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் காப்பியமாக்கினார். பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்தவர்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். முதுகில் பெரிய மூட்டையோடு ஒருவன் ஊரைவிட்டு ஓடுகிறான். மூட்டைதான் பாவம்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழவும் வேண்டும். நேற்றுப் பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது? ஜென்ம பாவம் என்கிறார்களே, இது நியாயமா? ஐந்தாம் நூற்றாண்டிலேயே பெலாஜியஸ் என்ற கிறித்தவப் போதகர் இதைத்தான் கேட்டார்: மனிதன் மனம் வைத்தால் நல்லவனாக வாழ முடியாதா? ஆயர் அகஸ்டின் மறுத்தார்: கோணல் செயலில் மட்டும் இல்லை, மனம் வைக்கும் அந்த விருப்பத்திலேயே இருக்கிறது, அருள் இல்லாமல் அது நிமிராது. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகஸ்டின் பக்கம் நின்றார்கள். இந்த வழக்கு தமிழருக்கும் புதிதல்ல. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டதும் முயற்சிக்கும் அருளுக்கும் நடந்த வழக்குதானே! வைணவ வீட்டுப் பிள்ளைக்கு இதைப் பாடம் எடுத்தா சொல்ல வேண்டும்?

மூட்டை எங்கே விழுகிறது? பயணி அதை அவிழ்க்கவில்லை, யாரிடமும் இறக்கிக் கொடுக்கவும் இல்லை. சிலுவை நிற்கும் மேட்டுக்கு வருகிறான். அது தானாகக் கழன்று உருண்டு, கீழே திறந்திருக்கும் கல்லறைக்குள் போய் மறைகிறது. அவன் அழுகிறான். ஒளிவீசும் தூதர்கள் அவன் கந்தலைக் களைந்து புது உடை உடுத்துவிக்கிறார்கள். கையில் முத்திரையிட்ட சுருள் ஒன்றும் கொடுக்கிறார்கள். இரவில் இயேசுவிடம் வந்த நிக்கோதேமு, வயதானவன் மறுபடி தாய் வயிற்றில் புகுவதெப்படி என்று திகைத்தானே, அந்த மறுபிறப்பு இதுதான்.

ஆனால் கதை அங்கே பாதிகூட முடியவில்லை! அடுத்த மலையேற்றத்திலேயே, நிழல் கண்ட இடத்தில் படுத்துத் தூங்கி அந்தச் சுருளைத் தொலைக்கிறான். அழுதபடி திரும்பி நடந்து தேடி எடுக்கிறான். பின்னால் மாயச் சந்தை, அவநம்பிக்கை அரக்கனின் சிறை, எல்லாம் மூட்டை இறங்கியவனுக்கே வருகின்றன.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் இரட்சிக்கப்பட்ட தேதியோடு நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றும் சபையானாலும், பெரியவரை முழுக்கும் சபையானாலும், மறுநாள் காலை வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது முப்பதை ஒட்டிய வயது. அவருடைய சாட்சியான யாத்திரிகம் நூலாக வெளிவந்தது அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து.