அம்புக்குறிக்குள்ள என்ன இருக்கு? ஒயிட்போர்டிலிருந்து டெராஃபார்முக்கு

ஒயிட்போர்டுல பெட்டி பெட்டியா வரைஞ்சு, நடுவுல அம்புக்குறி போட்டு, அதை போன்ல படம் எடுத்து ஒரு ஏஐ மாடல்கிட்ட கொடுக்கிறோம். "இதுக்கு டெராஃபார்ம் கோடு எழுதிக் கொடு"ன்னு கேட்டா, கொஞ்ச நேரத்துல நூத்துக்கணக்கான வரி வந்து நிக்குது. பார்க்கவும் அழகா இருக்கு. ஆனா நாம வரைஞ்சது பத்துப் பெட்டியும் பன்னிரண்டு அம்பும்தானே? மிச்சம் எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? இன்னைக்கு எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

படத்திலிருந்து கோடு எடுக்கிற ஆசை ஏஐ வந்தபிறகு வந்தது இல்ல. அமேசான் 2011-ல கிளவுட்ஃபார்மேஷனைக் கொண்டுவந்தது. பிறகு அதுக்குன்னே பெட்டியை இழுத்துப் போடுற டிசைனர் ஒண்ணு வந்தது. 2022-ல அப்ளிகேஷன் கம்போசர் வந்தது, அதோட இப்போதைய பேர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கம்போசர். 2014-ல வந்த டெராஃபார்முக்கும் பிரெயின்போர்டு மாதிரி வரையுற கருவிகள் இருக்கு. இந்த மாதிரி கருவிகள்ல பெட்டியை வச்சதும் அதோட அமைப்புகள் ஒரு படிவமா உங்க கண் முன்னால வந்துடும், நீங்கதான் நிரப்பணும். போட்டோவைப் படிக்கிற மாடல் பெரும்பாலும் எதுவும் கேட்காது. தானே முடிவு பண்ணிடும்.

ஒரு சாதாரண வெப் ஆப்பை எடுத்துக்கலாம். வெளியே லோடு பேலன்சர், உள்ளே ரெண்டு அவைலபிலிட்டி சோன்ல சர்வர்கள், அதுக்குப் பின்னால பிரைவேட் சப்நெட்ல ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். படத்துல சப்நெட்னா ஒரு செவ்வகம், அவ்வளவுதான். கோடுல அதுக்கு எத்தனை ஐபி முகவரின்னு சொல்லணும். சர்வர் சப்நெட்டுக்கு /28-ன்னு விழுந்துட்டா மொத்தம் 16 முகவரி. ஒவ்வொரு சப்நெட்லயும் 5-ஐ அமேசானே எடுத்து வச்சுக்கும், உங்களுக்கு மிஞ்சுறது 11. கூட்டம் கூடி சர்வர் எண்ணிக்கை ஏறுற அன்னைக்கு இடம் இருக்காது. இருக்கிற சப்நெட்டோட வீச்சைப் பெருசாக்கவும் முடியாது, புதுசா ஒண்ணு கட்டி அங்கே குடி மாறணும்.

அந்த சர்வர்கள் வெளியே போய் அப்டேட் எடுக்கணும்னா நாட் கேட்வே வேணும். ஒயிட்போர்டுல அதை யாரு வரையுறாங்க? மாடல் சோனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு போட்டுக் கொடுக்கலாம், நிஜமான நிறுவனத்துக்கு அது சரியும்கூட. வடக்கு வர்ஜீனியா ரீஜியன் விலைப்படி ஒண்ணுக்கு மணிக்கு 0.045 டாலர். சும்மா கிடந்தாலே மாசம் 32 டாலருக்கு மேல, ரெண்டுன்னா இரட்டிப்பு, அது வழியா போற டேட்டாவுக்குத் தனி. காலேஜ் புராஜெக்டுக்கு இது ரொம்ப ஓவர்.

சரி, பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். அம்புக்குறிக்கு வருவோம். சர்வர்லேர்ந்து எஸ்3 பக்கெட்டுக்கு ஒரு அம்பு. படிக்கிறதா, எழுதுறதா, அழிக்கிறதா? ஒரே பக்கெட்டா, கணக்குல இருக்கிற எல்லாமுமா? அம்பு சொல்லாது. ஆனா ஐஏஎம் பாலிசி சொல்லியே ஆகணும். தெரியாத இடத்துல நட்சத்திரக் குறியைப் போட்டா எல்லாத்துக்கும் அனுமதி, ஆப் ஓடிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

2019-ல கேபிடல் ஒன் வங்கியில நடந்ததை இதுக்காகவே படிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல சுமார் 10 கோடி பேர், கனடாவுல சுமார் 60 லட்சம் பேரோட தகவல் திருடு போச்சு. நுழைஞ்ச வழி, சரியா அமைக்காத ஒரு வெப் ஃபயர்வால். அந்த ஃபயர்வாலோட ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியல் எடுக்கவும், உள்ளே இருக்கிறதைப் படிக்கவும் அனுமதி இருந்தது. 2020-ல வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். படத்திலிருந்து எழுதின கோடால அது நடந்ததுன்னு நான் சொல்லலை. ஃபயர்வாலுக்கும் பக்கெட்டுக்கும் நடுவுல நாம எந்தப் படத்துலயாவது அம்பு போடுவோமா? அந்த அனுமதி படத்துல தெரியவே தெரியாது, கோடுல மட்டும்தான் இருக்கும்.

அம்போட திசையே ஒரு தலைவலி. சிலர் டேட்டா போற பக்கம் முனையைப் போடுவாங்க, சிலர் யார் முதல்ல கூப்பிடுறாங்களோ அங்கிருந்து தொடங்குவாங்க. செக்யூரிட்டி குரூப்புக்கு ரெண்டாவதுதான் வேணும். டேட்டாபேஸ்லேர்ந்து ரிப்போர்ட் சர்வருக்கு அம்பு போட்டிருந்தா, டேட்டாபேஸ்தான் சர்வரைக் கூப்பிடுதுன்னு மாடல் எடுத்துக்கும்; தேவையான கதவு மூடியிருக்கும், தேவையில்லாதது திறந்திருக்கும்.

எனக்கு நிஜமா பயம் ரெண்டாவது போட்டோ மேலதான். முதல் தடவை காலி இடத்துல கட்டுறோம், தப்பானா இடிச்சுட்டுப் போகலாம். மூணு மாசம் கழிச்சு படத்துல ஒரு கேஷ் சேர்த்து, மறுபடி போட்டோ எடுத்து, கோடைப் புதுசா எழுதச் சொன்னா? போன தடவை டேட்டாபேஸுக்கு "மெயின்"னு பேர் வச்ச மாடல், இந்த தடவை "ஆப் டிபி"ன்னு வைக்கும். நமக்கு அது வெறும் பேர் மாற்றம். டெராஃபார்மோட ஸ்டேட் ஃபைல் கணக்குல, பழையதை அழி, புதுசா ஒண்ணு கட்டு. உள்ளே இருக்கிறது வாடிக்கையாளரோட ஆர்டர்கள். டெராஃபார்ம்ல இதுக்கு "மூவ்டு"ன்னு ஒரு பிளாக் இருக்கு, பேர்தான் மாறியிருக்குன்னு அதுல எழுதிடலாம். டேட்டாபேஸ்ல டெலிஷன் புரொட்டெக்‌ஷனை முதல் நாளே ஆன் பண்ணி வச்சுடுங்க, ரெண்டு வரி வேலைகூட இல்ல.

அதனால நான் எடுத்தவுடனே கோடு கேட்கிறதில்ல. முதல்ல ஒரு பட்டியல் கேட்பேன்: படத்துல நீ பார்த்தது என்ன, நீயா வச்சுக்கிட்டது என்ன. அப்புறம் அம்புக்கு ஒரு வரி: யார் யாரைக் கூப்பிடுறாங்க, எந்த போர்ட், என்ன அனுமதி. அதைத் திருத்திக் கொடுத்தபிறகுதான் கோடு. கோடு வந்ததும் டெராஃபார்ம் பிளான் ஓட்டி, எத்தனை சேர்க்கும், எத்தனை மாத்தும், எத்தனை அழிக்கும்ங்கிற அந்த ஒரு வரி. அழிக்கிற எண்ணிக்கை பூஜ்யம் இல்லைன்னா, டீயை வச்சுட்டு மேலே இருக்கிறதை முழுசா படிங்க.

அடுத்த வாரம் இதையே தலைகீழா பார்ப்போம்: யாரும் படமே வரையாத, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற ஒரு கணக்கிலிருந்து கோடை எடுக்கிறது எப்படி. அதுவரைக்கும் பை.