சுண்டெலி சொன்னதும் சொல்லாததும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் கொடுங்கையூர்க்காரன். மூலக்கடையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்தவன். பக்கத்து வீட்டு மாமா ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவர் கையில் முழங்கை வரை ஏறிய சாயம் பொங்கலன்றுகூடப் போகாது.

எம்.எஸ்ஸி. முடித்து 1986-ல் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். துணிச் சாயங்கள் மரபணுவைச் சேதப்படுத்துமா என்று சுண்டெலிகளில் பார்ப்பதுதான் வேலை. மாமா கேட்டார்: "ஏம்பா, நான் கையை விட்டு முக்குற சாயத்தை எலிக்குக் குடுத்து என்ன தெரிஞ்சுக்கப் போற?"

நியாயமான கேள்வி. அசோ சாயங்கள் பல, பார்க்கச் சாதுவானவை. உடலுக்குள் போனதும் குடல் பாக்டீரியாக்கள் அவற்றின் நைட்ரஜன் பிணைப்பை உடைத்துவிடும். சில சாயங்களிலிருந்து பென்சிடின் போன்ற அமீன்கள் வெளிவரும். ஆபத்து அங்கேதான். தட்டில் பாக்டீரியாவை வளர்த்துச் செய்யும் ஏம்ஸ் சோதனை, வழக்கமான முறையில் இதைக் கோட்டை விடலாம். அதனால்தான் குடலும் ஈரலும் உள்ள ஓர் உயிர் தேவைப்பட்டது. டைரக்ட் புளூ 6, டைரக்ட் பிளாக் 38 என்ற பென்சிடின் சாயங்களைத் தீனியில் கலந்து கொடுத்த எலிகளுக்கு 13 வாரத்திலேயே ஈரலில் புற்று கண்டதாக அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 1978-ல் அறிவித்தது.

எங்கள் சோதனையில் சாயத்தைச் சுண்டெலிக்கு வாய் வழியே புகட்டுவோம். பிறகு தொடை எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றுவோம். சாயத்தைச் சோதிக்கவும் சாயம்தான்! இளம் சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். குரோமோசோம் உடைந்திருந்தால் ஒரு துணுக்கு மட்டும் உள்ளேயே தங்கி, சிறு பொட்டாகத் தெரியும். அதுதான் மைக்ரோநியூக்ளியஸ். அன்று ஓர் எலிக்கு 1000 அணுக்கள் எண்ணினோம், இன்றைய ஓ.இ.சி.டி. வழிகாட்டி 4000 கேட்கிறது. பொட்டு கூடவில்லை என்றாலும் சாயம் நல்லது என்று எழுதிவிட முடியாது. அது மஜ்ஜை வரை போய்ச் சேர்ந்ததா என்று காட்ட வேண்டும்.

இப்படி எலிக்கு எலி கணக்கு வைத்திருந்த நாளில், ஒரு நாள் மாமா சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்றார். "சாயம்தான் இறங்குது, விடு" என்று அவரே சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பையில் புற்று என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

சாயம்தான் காரணமா? அவர் பீடியும் பிடிப்பார். அதுவும் அதே புற்றைத் தரும். ஒரு மனிதரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடம் இந்தப் புற்றைக் கண்டு சொன்னது 1895-ல். நம் மத்திய அரசு 70 அசோ சாயங்களைத் தடை செய்தது 1997-ல். நடுவே 102 ஆண்டுகள்.

ஒரு பொருள் கெடுதல் செய்யக்கூடியதா என்று சுண்டெலி சொல்லும். யாருக்கு அது நேர்கிறது என்று சொல்லாது. அதை நாம்தான் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சாயத் தொழிலாளி யாராவது சிறுநீர் சிவக்கிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நான் செய்யத் தவறியது அது.