இருபது விநாடிக் கடல்

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நேரத்தில் வியாபாரப் பேச்சா என்று உங்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அப்படிப்பட்டதுதான். கைத்தொலைபேசியாற் பிடித்த சின்னஞ்சிறு காணொளித் துண்டுகளை இணையத்தில் விற்றுப் பணம் தேடுவது பற்றிப் பேசப்போகிறேன். இந்தத் துண்டுகளில் கதை கிடையாது, நடிகர் கிடையாது, வசனமும் கிடையாது. கருங்கல்லில் அலை மோதுகிறது. தென்னோலையில் மழைநீர் வழிகிறது. விடியற்புறத்தில் ஒரு வள்ளம் துறையை விட்டுப் போகிறது. இருபது விநாடி, அவ்வளவுதான். விளம்பரம் செய்வோர், பாட்டுக்குப் பின்னணி தேடுவோர், விவரணப்படம் எடுப்போர் இவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தொல்காப்பியரிடம் போவோம். அகப்பாட்டின் பொருளை அவர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். அங்கே நிகழும் மனித உணர்வே உரிப்பொருள். இந்தக் காணொளித் துண்டை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, கடற்காகமும் வள்ளமும் இருக்கின்றன. உரிப்பொருள் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கிறது. அதை நிரப்பிக்கொள்பவர் வாங்குகிறவர். முதலும் கருவும் கடைக்கு வந்துவிட்டன, உரி பின்னர் ஒட்டப்படும் என்பதே இந்த வியாபாரத்தின் இரகசியம்.

கடலலையை விற்பது புதிய சங்கதியன்று. 1895 டிசம்பர் 28 ஆம் திகதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்று கடலில் குளிப்பவர்களைப் பற்றியது. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஐம்பது விநாடிதான் ஓடியது. 1896 ஏப்ரல் 23 இல் நியூயோர்க்கில் எடிசனின் வைட்டஸ்கோப் கருவி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் படங்காட்டியபோது, பேர்ட் ஏக்கர்ஸ் இங்கிலாந்தில் டோவர் கரையில் எடுத்த கொந்தளிக்கும் கடலும் அதில் இடம்பெற்றது. ஆட்டக்காரிகளையும் குத்துச்சண்டையையும் காட்டிய அதே மேடையில் அந்த வெறும் அலைதான் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது. சினிமா பிறந்த வீட்டிலேயே அலைக்கு விலை இருந்தது.

நம்முடைய கொட்டியாரக் குடாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1660 ஆம் ஆண்டு பாய்மரம் பழுதாகி அங்கே ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து றொபேட் நொக்ஸ் என்ற இளைஞரும் அவருடைய தந்தையும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிப் போன மகன் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் அச்சாகியது. இலங்கையின் மலையும் வயலும் மனிதரும் சொல்லாலும் சித்திரத்தாலும் முதல்முதலாக ஆங்கில வாசகருக்கு விற்கப்பட்டது அந்த நூலிலேதான் எனலாம். கதை அங்கே முடியவில்லை. 1934 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் றைட் 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் விவரணப்படத்தை உருவாக்கினார். அதன் வர்ணனைக்கு நொக்ஸின் வசனங்களையே எடுத்துக்கொண்டார். படித்துக் குரல் கொடுத்தவர் நம் நாட்டுக் கலைஞர் லயனல் வென்ட். கலைநயத்தில் இன்றும் பேசப்படும் படம் அது. ஆனாலும் கொட்டியாரத்தில் சிறைப்பட்ட ஒருவனின் நினைவு இருநூற்றைம்பது ஆண்டு கழித்துத் தேயிலை விற்கத் துணைபோயிற்று என்பதை மறுக்கமுடியாது. நிலம் இங்கே, உரிப்பொருள் வேறெங்கோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஒளிப்பட நிலையங்களும் பின்னர் தபாலட்டை அச்சிட்டோரும் செய்தது இதே வேலைதான். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டு, படமெடுத்து, உலகுக்குச் சொன்னார்கள். நல்ல காரியம். எனினும் படம் எடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். திருமலையில் பிறந்தவன் தன் கடலைத் தானே படமெடுத்து உலகச் சந்தையில் வைக்கக்கூடிய காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆகவே இதனை இகழ்ந்து தள்ளிவிட நான் தயாரில்லை.

சந்தையின் நடைமுறையைச் சற்று நோக்குவோம். 2000 ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கிய ஐஸ்டொக்ஃபோட்டோவும், 2003 இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டொக்கும் சாதாரண மனிதரின் படங்களையும் ஏற்று விற்கும் வழியைத் திறந்தன. படமே கைமாறுவதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டுமே விற்கப்படுகிறது. ஆகையால் ஒரே துண்டைப் பலருக்கும் பல தடவை விற்கலாம். ஷட்டர்ஸ்டொக் 5 முதல் 60 விநாடி வரையான துண்டுகளை ஏற்கிறது. படைத்தவருக்கான பங்கை 2020 ஜூன் முதல் 15 முதல் 40 வீதம் வரை படிப்படியாக வகுத்தது. விற்பனை கூடினாற் படி ஏறும், புத்தாண்டு பிறந்தால் மீண்டும் முதற் படிக்கே இறங்கும். அடோபி ஸ்டொக் காணொளிக்கு 35 வீதம் என்று அறிவித்தது.

உதாரணத்துக்கு ஒரு துண்டு 60 டொலருக்குப் போனால், 15 வீதப் படியில் இருப்பவருக்கு 9 டொலர் கிடைக்கும். மாதச் சந்தா கட்டியவர் எடுத்தால் அதைவிடக் குறையும். பத்துத் துண்டு போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர் வெறுங்கையோடுதான் இருப்பார். நூற்றுக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது வரை தேடற் சொற்கள் எழுதி, ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருப்பவருக்கே ஏதும் தேறும். கடலுக்குப் போகிறவன் வலையை வீசிய அன்றே மீனைக் காண்பான். இங்கே வலை நெடுநாள் நீரிற் கிடக்கவேண்டும். 'கைத்தொலைபேசி இருந்தால் வீட்டிலிருந்தே இலட்சம்' என்று ஆசை காட்டி வகுப்பு நடத்திக் காசு பிடுங்குவோரை நம்பவேண்டாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இனி எடுக்கும் விதம். திருகோணமலைப் பட்டினம் இரு நீருக்கு நடுவே கிடக்கும் ஊர். கிழக்கே திறந்த கடலிற் சூரியன் எழுவான். மாலையில் உட்துறைமுகத்து நீர்ப்பரப்புக்கு அப்பால் மலைகளிலே சாய்வான். ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில், உதயமும் அந்தியும் தண்ணீரின்மேற் கிடைப்பது எல்லாத் துறைமுகத்துக்கும் வாய்க்காது. தொல்காப்பியர் நெய்தலுக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. சூரியன் சாயும் வேளை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஒளிப்பதிவாளர்கள் இன்று பொன்வேளை என்று கொண்டாடுவதும் அதைத்தான். தொலைபேசியை முக்காலியிலோ ஒரு கல்லிலோ அசையாமல் நிறுத்துங்கள். வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். 4கே தெளிவில் எடுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். அலை தானாக வந்து போகட்டும். காற்றிலும் பருவம் தெரியவேண்டும். வாடைக்காலத்துக் கடல் வேறு, கச்சான் வீசும் நாளின் கடல் வேறு.

எல்லாவற்றையும் எடுத்துவிடவும் முடியாது. துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைத் தளம். தடைசெய்யப்பட்ட இடத்தை நோக்கிக் கமெராவைத் திருப்புவது ஆபத்து. வானிலிருந்து எடுக்கும் ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. கரைவலை இழுப்போரின் முகம் அடையாளம் தெரியுமானால், அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி அது விளம்பரத்துக்கு ஆகாது. இந்த விதியை வெள்ளைக்காரன் சட்டம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். வியர்வை அவருடையது. தன் முகம் எந்த நாட்டில் எந்தச் சாமானை விற்கப்போகிறது என்று அறியும் உரிமையும் அவருடையதே. அண்ணன் என்றோ ஐயா என்றோ கூப்பிட்டு, விஷயத்தை விளக்கி, வருவதில் ஒரு பங்கு பேசிக்கொள்வதே முறை.

இப்போது என் மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். வாங்குகிறவர் தேடும் சொற்கள் அமைதி, ஓய்வு, உல்லாசம் என்பன. அந்தச் சொற்களை ஒட்டினாற்றான் துண்டு விலைபோகும். ஆனால் நெய்தலின் உரிப்பொருள் என்று நம் முன்னோர் சொன்னது இரங்கல் அல்லவா? 2004 டிசம்பர் 26 இல் இதே கரையை அலை விழுங்கியது. 2006 ஜனவரி 2 ஆந் திகதி மாலை பட்டினக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடற்கரையில் இன்று மாலை எடுக்கும் இருபது விநாடியில் இவை எதுவும் தெரியாது. அலை அழகாகத்தான் வரும். எங்கோ ஓர் ஊரில் சவர்க்கார விளம்பரத்துக்கு அடியில் அது ஓடும். விற்றது குற்றமென்று நான் சொல்லமாட்டேன். வயிறு இருக்கிறது, வீட்டில் தங்கச்சி படிக்கிறாள். ஆனால் பெயரையும் சேர்த்து விற்றுவிடக்கூடாது என்பதே என் கட்சி.

வழி உண்டு. இந்தச் சந்தையில் விளம்பரத் துண்டு ஒருவகை, செய்தித் துண்டு இன்னொருவகை. முதலாவதில் ஊர்ப்பெயர் உதிர்ந்து 'வெப்பவலயக் கடற்கரை' என்றாகிவிடும். இரண்டாவதில் ஊரும் நாடும் திகதியும் எழுதப்படவேண்டும் என்று ஷட்டர்ஸ்டொக் கேட்கிறது. விலைபோவது குறைவாக இருக்கலாம். ஆனால் திருகோணமலை திருகோணமலையாகவே இருக்கும். நம் இளைஞர்கள் இருவகையும் செய்யட்டும். அசற் பிரதியைக் கையில் வைத்திருக்கட்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் நான்கு வரி எழுதி, இடம், நாள், காற்று, வலையின் பெயர், பாட்டின் பெயர் என்று குறித்து, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 பெப்ரவரியில் ஓபன்ஏஐ நிறுவனம் சோரா என்னும் செயலியைக் காட்டியது. சொல்லில் எழுதிக் கொடுத்தால் போதும், இல்லாத கடலையும் அது அலையடிக்க வைத்தது. ஊர் பேரில்லாத அழகான அலையை இனி யந்திரமே வார்த்துத் தரும். நம்மவர் விற்கும் பெயரற்ற அலைக்கு அதனோடு போட்டியிட்டு நிற்கும் வலு இருக்காது. இன்ன நாளில், இன்ன குடாவில், இன்ன வலை இழுக்கப்பட்டது என்ற சாட்சியம் மட்டுமே யந்திரத்தால் தரமுடியாத சரக்கு.

திருஞானசம்பந்தர் இராமேசுவரத்துக் கரையில் நின்றே திருக்கோணமலையைப் பாடினார் என்பது மரபு. கடல் முழங்கி முத்துக் கொழிக்கும் காட்சியைப் பாட்டில் வைத்தார், ஆனால் ஊர்ப்பெயரை ஒருபோதும் விட்டுவிடவில்லை. 1620களிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளியபின்னும் அந்தப் பதிகத்துக்குள் ஊர் இருந்தது. பெயரோடு சேர்ந்த காட்சி அழிவையும் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கைத்தொலைபேசி வைத்திருக்கும் தம்பி தங்கையரே, கடலை எடுங்கள், விற்கவும் விற்றுக்கொள்ளுங்கள். அதன் பெயரை எழுதிவைத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.