விலை கொடுப்பவன் கேள்வி கேட்க வேண்டாமா?

(மீஞ்சூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச வந்தது மோட்சத்தைப் பற்றியல்ல. வீட்டில் எரியும் விளக்கையும் சட்டியில் வேகும் மீனையும் பற்றியேயாகும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கேள்வி கேட்கும் பாத்தியம் உண்டா, இல்லையா என்பதுதான் விஷயம்.

பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துத் தோழர்களைக் கேட்டால், முன்போல் இறால் இல்லை, மீன் இல்லை என்கிறார்கள். ஏன் என்றால், கடலம்மா கோபம், தலையெழுத்து என்று சொல்லிக் கூழ் ஊற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ஏரியில் வலை வைக்கப் பாடு முறை வைத்திருக்கிறீர்களே, ஒருவன் முறை தப்பி வலை வைத்தால் அதைத் தலையெழுத்தென்று விட்டுவிடுகிறீர்களா? உடனே பஞ்சாயத்துக் கூட்டுகிறீர்கள். (பாடு முறையிலுள்ள சாதிக் கட்டைப் பற்றி மற்றொரு நாள் பேசுவோம்.) ஒரு வலைக்கு நியாயம் கேட்கிறவர்கள், தண்ணீர் முழுவதும் கெடும்போது மட்டும் சாமியை இழுப்பானேன்?

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் வந்து போவதில்லை. இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. தெற்கே எண்ணூர்ப் பக்கம், 1994 முதல் வடசென்னை அனல் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகிச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்தது. இது எந்த ஆத்தாளின் கோபம்?

2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமென்றார்கள். பில்லில் சைபர், பாக்கியோ எண்ணூர் மீனவன் வலையிலிருந்து வசூலாயிற்று! அந்தப் புகையோ பூமியைச் சூடாக்குகிறது, மழை தப்புகிறது, அரிசி விலை ஏறுகிறது. ஆகவே விளக்கு, வானிலை, சோறு மூன்றும் ஒரே கணக்குத்தான்.

ஐரோப்பாவைப் பாருங்கள். 1962-லேயே பல நாட்டு நுகர்வோர் சங்கங்கள் ஒன்று சேர்ந்து கூட்டமைப்புக் கண்டன. 2014 முதல் அங்கே மீன் விற்பவன் இன்ன மீன், எந்தக் கடலில், எந்த வலையில் பிடித்தது என்று எழுதி வைத்தாக வேண்டும். அவர்கள் நெற்றியில் பிரம்மா வேறு எழுத்தா எழுதினான்? ஒன்றுகூடிக் கேட்டார்கள், பெற்றார்கள். இங்கோ 2018-ல், பிணத்துக்குப் போடும் பார்மலின் மீனில் கலப்பதாகப் பேச்சு எழுந்தபோது, நல்ல மீன் எதுவென்று காட்ட ஒரு சீட்டுமில்லை. வாங்குகிறவனுக்குப் பயம், யோக்கியமாய் விற்ற மீனவத் தாய்க்கு நஷ்டம்.

நமக்கும் சட்டமில்லாமலில்லை. 1986-ல் வந்த நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதியது வந்தது. வக்கீல் இல்லாமலே மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள்ளானால் மனுக் கட்டணமுமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவே. எண்ணூர் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சாம்பல் கேட்டுக்கு மின்வாரியமே பொறுப்பென்று 2022-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பினாலேயே ஆறு சுத்தமாகிவிடாது. ஆனால் அது கடலம்மா குற்றமல்ல என்பது எழுத்து மூலம் ருசுவாகிவிட்டதல்லவா?

ஆகையால் தோழர்களே, கூழ் ஊற்றும் செலவில் பாதியை எடுத்து ஊருக்கொரு நுகர்வோர் சங்கம் வையுங்கள். ரசீது கேளுங்கள். மீன் பிடிக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். இருவர் நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றே. நாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம். ஆற்றங்கரைக்குப் போய்ச் சாம்பலைக் கையில் அள்ளிப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.