சீனிப் பூவுக்கு என்ன விலை?

(றொசல்ல பகுதித் தோட்டங்களில் வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்களின் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, மழையையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு பற்ற வைக்க வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும். ஆகையால் சுற்றி வளைக்காமல் நேரே விசயத்துக்கு வருவோம்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சங்கதி. நம் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருவர் ஒரு சடங்கு வீட்டுக்கு கேக் செய்து கொடுத்தார். கேக்கின் மேலே பன்னிரண்டு சீனி ரோஜாப் பூ. அச்சில் அடித்த பூ இல்லை, ஒவ்வொரு இதழும் கையால் தட்டி, ஓரம் மெல்லிசாக்கி, சுருட்டி ஒட்டிய பூ. சபையில் எல்லோரும் உண்மைப் பூ என்றே நினைத்தார்கள். நாமும் போயிருந்தோம், தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினோம். கேக்குக்கு அவர் நியாயமான விலைதான் வாங்கினார். பூவுக்கு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டோம். "முந்நூறு ரூபா வாங்கினேன் ஐயா. ஐசிங் சீனி, கலர், கம்பி எல்லாம் சேர்த்து இருநூத்திப் பத்து ரூபாதான் போச்சு. தொண்ணூறு ரூபா லாபம்" என்று சந்தோசமாகச் சொன்னார்.

அவரை உட்கார வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒரு ரோஜாவுக்கு முதலில் நடுமொட்டு செய்து ஒரு இரவு காய வைக்க வேண்டும். அடுத்த நாள் மூன்று இதழ், அது இறுகிய பிறகு ஐந்து இதழ், பெரிய பூவென்றால் அதற்கு மேலே ஏழு. காயும் நேரத்தை விட்டுவிட்டு, கை வேலை செய்த நேரத்தை மட்டும் எடுத்தாலும் ஒரு பூவுக்கு இருபது நிமிடம். பன்னிரண்டு பூ கேட்டார்கள், அவர் செய்தது பதினான்கு, இரண்டு உடைந்து போனது. பதினான்கு தரம் இருபது, 280 நிமிடம். அதாவது நான்கு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. றொசல்ல, வட்டவளைப் பக்கத்து ஜூன் மழை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஈரத்தில் சீனிப் பூ காயவே காயாது. இரவில் காய வைத்த மொட்டு விடிந்து பார்த்தால் பிசுபிசுவென்று இருந்திருக்கிறது. நாள் நெருங்கிவிட்டதால் அந்தத் தங்கச்சி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பூவை முடித்தார். அன்று அவருக்குப் பேர் விழவில்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தபடி அப்போது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அது போயிற்று. அதோடு போயிற்றா? அந்தச் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குக் கட்ட வேண்டிய 3 சதவீதமும் சேர்ந்து 202 ரூபா 50 சதம். அதுவும் போயிற்று. தொண்ணூறு ரூபா லாபத்துக்காக 1,552 ரூபா 50 சதத்தை விட்டிருக்கிறார். காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. ஓவன் வாங்கிய கடனுக்கு அவர் கிழமைக்குக் கிழமை தவணை கட்டிக்கொண்டிருந்தவர்.

இதில் நம்முடைய பிழையும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. கேக் தொழிலைப் பற்றி முன்பு கூட்டம் வைத்தபோது, "சாமான் செலவை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் விலை" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். கேக்குக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. மா, பட்டர், சீனி, முட்டை எல்லாம் சேர்ந்து 1,800 ரூபா ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்தால் 3,600. அடித்துக் கலக்கி ஓவனில் வைக்கும் வேலைக்கும், கரண்டுக்கும், கேஸுக்கும் அந்த மிச்சத்தில் இடம் இருக்கிறது. அதே கணக்கைப் பூவுக்குப் போட்டால் என்னாகிறது? 210 ரூபாவை இரட்டித்தால் 420. நாலே முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட கை நோக வேலை செய்தவருக்கு மிஞ்சுவது 210 ரூபா. கேக்கில் சாமான் அதிகம், வேலை கொஞ்சம். பூவில் சாமான் கொஞ்சம், வேலை அதிகம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தது நமது தவறு.

ஆகவே பூவை கேக்கோடு சேர்க்காமல் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கு வழி உங்களிடமே இருக்கிறது. அந்த 1,350 ரூபாவை எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 168 ரூபா 75 சதம். இப்போது உங்கள் செக்ரோலில் விழும் நாட்சம்பளத்தை அதே மாதிரி எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான். அந்தத் தங்கச்சியின் நான்கு மணித்தியாலம் நாற்பது நிமிடத்துக்கு 787 ரூபா 50 சதம் வருகிறது. சாமான் 210ஐக் கூட்டினால் 997 ரூபா 50 சதம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பூ 83 ரூபா சொச்சம். 85 என்று வைக்கலாம். அவர் கொடுத்தது ஒரு பூ 25 ரூபாவுக்கு. உடைந்த இரண்டு பூவின் வேலையும் இதற்குள் அடங்கிவிட்டதைக் கவனியுங்கள். உடைவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது நம் கைக்காசில்தான் கழியும்.

"எண்பத்தஞ்சு ரூபாவா? ஒரு சீனிப் பூவுக்கு இம்புட்டு காசு யாரு குடுப்பா?" என்று அங்கே பின்னால் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நாம் ஒன்று கேட்கிறோம். மடுவத்தில் தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் ஒரு கிலோ கூடக் கழித்தால் நாம் சும்மா இருக்கிறோமா? அரைப்பேர் போட்டால் கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டைக்குப் போகிறோமா இல்லையா? மலையில் எடுக்கும் கொழுந்துக்கு இத்தனை கறாராக நிற்கிற நாம், வீட்டில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் செய்யும் வேலைக்கு மட்டும் ஏன் பேர் போட்டுக்கொள்வதில்லை?

இன்னொன்று. இந்த 168 ரூபா 75 சதம் என்பது அடிமட்டக் கணக்கு. வீடு கட்டும் இடத்தில் மேசன் பாசுக்கும் சாந்து குழைக்கும் கையாளுக்கும் ஒரே சம்பளமா கொடுக்கிறார்கள்? பழகும் காலத்தில் கொழுந்துச் சம்பளத்துக்குக் குறையாமல் வையுங்கள். கை தேறி, பூ கேட்டுத் தேடி வருகிறார்கள் என்றால் பாஸ் சம்பளத்துக்கு ஏற்றுங்கள்.

அலங்காரத்துக்குத் தனி விலை என்பது புதிதும் அல்ல. நம் நாட்டுக் கலியாண வீடுகளில் கேக் ஸ்ட்ரக்சர் பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்காக நிற்கும் அந்த உயரமான கேக்கில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ரெஜிஃபோம். மேலே ஐசிங்கும் பூவும். சாப்பிடும் கேக் துண்டு வேறாகச் சுற்றிப் பெட்டியில் வரும். துண்டுக்கு ஒரு விலை, ஸ்ட்ரக்சருக்கு வேறு வாடகை என்று பிரித்தே பேசுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அங்கே கொடுக்கிற காசு கைவேலைக்கான காசுதான். நம் சின்னக் கேக்கிலும் அதே மாதிரி பிரித்துச் சொன்னால் கேட்பவர்களுக்கு விளங்கும்.

உங்களில் யாராவது ஸ்ட்ரக்சர் செய்ய நினைத்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். நாற்பது பூ, ஒன்று 85 என்றால் 3,400 ரூபா. அந்தப் பூவை ஐந்து கலியாணத்துக்கு வைக்க முடியுமானால் ஒரு தடவைக்கு 680 ரூபா போட்டால் போதும். அதோடு உடைந்ததைத் திருத்தும் செலவு, கொண்டு போய் நிறுத்தி எடுத்து வரும் வேன் கூலி, அதற்குப் போகும் நேரம். முற்பணம் வாங்காமல் ஸ்ட்ரக்சரைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். பூவைப் பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துப் போகும். மூடியுள்ள டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குத் தாக்குப் பிடிக்கும்.

இப்போது கேக் கேட்டு வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். கொழும்பில் யாரோ செய்த கேக்காக இருக்கும். "இதே மாதிரி வேணும், ஹட்டன் பேக்கரி விலைக்குத் தா" என்பார்கள். அப்போது படத்தை வாங்கி அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூவை எண்ணுங்கள். இது கைப்பூ, ஒன்று இவ்வளவு, இருபது இருக்கிறது, இவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். காசு காணாது என்றால் விலையைக் குறைக்காதீர்கள், பூவைக் குறையுங்கள். நடுவில் மூன்று கைப்பூ வைத்து, சுற்றிலும் பட்டர் ஐசிங்கில் நொசிலால் ரோஜா பிழிந்து விடலாம். அது பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. பேக்கரி கேக்கில் இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பிழிந்த பூதான். அதன் விலையை நம் கைப்பூவின் விலையோடு வைத்துப் பார்ப்பது சரியில்லை.

சொந்தபந்தம்தான் பெரிய சிக்கல். "நம்ம வீட்டுப் புள்ளதானே செய்யுது, என்னா காசு" என்று அத்தையும் சித்தியும் சொல்லும்போது வாய் திறக்க முடிவதில்லை. லயத்தில் சுவருக்குச் சுவர் சொந்தம். நாம் சொல்லும் யோசனை இது: முழு விலையையும் துண்டில் எழுதுங்கள். கேக் இவ்வளவு, பூ 1,020 ரூபா. அதற்குக் கீழே, "பூ நம் மொய்" என்று எழுதிப் பூவின் காசைக் கழித்துவிடுங்கள். கொடுப்பதைக் கொடுத்த மாதிரியும் இருக்கும், அதன் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்த மாதிரியும் இருக்கும். நாளைக்கு அவர்கள் வேறொருவரிடம் உங்கள் பூவைப் பற்றிப் பேசும்போது சும்மா கிடைத்தது என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் இப்படி மொய் எழுதிக் கொண்டிருக்க முடியாது, அது வேறு விசயம்.

விலை சொன்னால் எத்தனை நாளைக்கு அந்த விலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த பெரிய கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலையேற்றம் முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் என்று அரசாங்கக் கணக்கே சொன்னது. மாசியில் விலை பேசி சித்திரையில் கேக் கொடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு கிழமைக்குள் என்றால் இந்த விலை, அதற்குப் பிறகு மீண்டும் பேச வேண்டும் என்று எழுதி, பாதிக் காசை முன்பணமாக வாங்கிவிடுங்கள். பூ செய்யத் தொடங்கிய பிறகு வேண்டாம் என்றால் அந்தக் காசு திரும்பாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கிலோக் கணக்கையும் தெளிவாகப் பேசுங்கள். ஒரு கிலோ கேக் என்று சிலர் போடும் மாவைச் சொல்கிறார்கள், சிலர் சுட்ட கேக்கின் நிறையைச் சொல்கிறார்கள். சண்டை வருவது அங்கேதான்.

மனதில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து இதழ் தட்டுவதைப் பார்த்தோம். அதில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தது. "அவளுக்குக் கை நல்லா வரும் ஐயா" என்று தாய் பெருமையாகச் சொன்னார். பிள்ளையின் நேரத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை, அதனால்தான் அந்தக் கேக் மலிவாக விற்றது. லீவு நாளில் ஆசைக்குப் பழகட்டும். ஓடருக்கு ஆள் தேவை என்றால் பக்கத்து லயத்தில் கை வருகிற ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மணித்தியாலக் கணக்கில் அவருக்கும் கொடுங்கள். அந்தக் கூலியையும் பூவின் விலையில் சேருங்கள்.

கம்பியும் பல்குச்சியும் வைத்த பூவைக் கொடுக்கும்போது, வெட்டுமுன் எடுத்துவிடும்படி வாங்குகிறவரிடம் வாயால் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் கம்பியில்லாத பூ வையுங்கள். கலர் வாங்கும்போது உணவுக்கு அனுமதித்த கலர்தானா என்று லேபிளைப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை. ஆளுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு அலங்காரத்தின் பெயரையும் எழுதுங்கள். ரோஜா, மல்லிகை, இலை, வண்ணத்துப்பூச்சி, பொம்மை, பெயர்ப்பலகை, எது செய்தாலும். ஒவ்வொன்றிலும் ஐந்து செய்து, மணிக்கூட்டைப் பார்த்து எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதி ஐந்தால் வகுங்கள். எத்தனை உடைந்தது என்பதையும் எழுதுங்கள். மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை பாருங்கள், இரண்டும் ஒன்றாக இராது. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வந்தால், பிள்ளை மடுவத்து மேசையில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு விலைப்பட்டியல் எழுதிக்கொள்வோம். அந்த ஜூன் மாதத் தங்கச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய ரோஜா இப்போது 110 ரூபா.